டானிக் கடைசி, ஸ்லைடு முதல்: நாய் ரத்தசோகைக்கு டெல்டாவில் கிடைக்கும் மருந்துகளும் சோதனைகளும்

நாய்க்கு ஈறு வெளுத்துவிட்டது என்று கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ மருந்துக்கடை ஏறினால் முதலில் மேசைக்கு வருவது இரும்புச்சத்து டானிக்தான். இந்த மதிப்பீட்டில் அதற்குக் கடைசி இடம். டானிக் மட்டமான சரக்கு என்பதால் அல்ல. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் நாய்க்கு ரத்தம் குறைவதற்கு இரும்புக்குறை அபூர்வமாகத்தான் முதல் காரணம். வளர்ந்த நாய்க்கு உண்ணி கொண்டுவரும் எர்லிக்கியா, பபேசியா என்ற ரத்தக் கிருமிகள், குட்டிக்குக் கொக்கிப்புழு, வயலோரத்து நாய்க்கு எலிக்கேக் என்னும் எலிவிஷம். இவற்றில் டானிக்குக்கு உண்மையான வேலை இருப்பது கொக்கிப்புழுவில் மட்டும், அதுவும் புழுவைக் கொன்ற பிறகு.

கணக்கு எளிது. ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ரத்தம் உடம்பைவிட்டு வெளியே போனால் இரும்பும் கூடவே போகும். பபேசியா சிவப்பணுவை உள்ளேயே உடைக்கிறது. உடைந்த அணுவின் இரும்பை ஈரலும் மண்ணீரலும் எடுத்து வைத்துக்கொள்கின்றன. அந்த நாய்க்கு இரும்புக்குப் பஞ்சமே இல்லை. பாட்டில் பாட்டிலாக டானிக் குடித்தும் ஈறு வெளுத்தே இருப்பது இதனால்தான்.

வீட்டில் பார்க்க வேண்டியது

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப்லைட்டில் எல்லா ஈறும் வெளுப்பாகத்தான் தெரியும். மேலுதட்டைத் தூக்கிக் கோரைப்பல்லுக்கு மேலே பார்க்க வேண்டும். நாட்டு நாய்களில் பலவற்றுக்கு ஈறு கறுப்பு, அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பார்ப்பதே வழி. இளஞ்சிவப்பு சரி. வெளிர்ந்து பீங்கான் நிறத்துக்கு வந்திருந்தால் அன்றே மருத்துவமனை. மஞ்சள் கலந்திருந்தால், அல்லது மூத்திரம் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் போனால், அணு உடைகிறது என்று பொருள். மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் என்றால் ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைவு. எர்லிக்கியாவை முதலில் சந்தேகிக்க வேண்டும். தூங்கும்போது நிமிடத்துக்கு 30க்கு மேல் மூச்சு வாங்கினால் அதுவும் அவசரம்தான்.

ரத்தப் பரிசோதனை: காசுக்கு மிகவும் தகுவது இதுவே

டெல்டாவின் சின்ன ஊர்களில் நாய்க்கென்று தனி லேப் கிடையாது. கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்துக் கொடுப்பார், பக்கத்திலிருக்கும் மனிதர் லேப்பில் சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) போட்டு வாங்குவார்கள். இது மோசமில்லை, ஆனால் அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மனிதச் சிவப்பணுவின் அளவு 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர். நாயுடையது 60 முதல் 77. ஆகவே நல்ல ஆரோக்கியமான நாய்க்கும் எம்சிவி (அந்த அணு அளவு) குறைவு என்று இயந்திரம் அச்சடித்துத் தரும். அதைப் பார்த்து இரும்புக்குறை என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் கூத்து. தாளின் வலதுபக்கம் இருக்கும் ‘நார்மல்’ வரிசையை மறைத்துவிட்டுப் படியுங்கள். நாய்க்கு ஹீமோகுளோபின் 12 முதல் 18 கிராம், பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) 37 முதல் 55 சதவீதம், பிளேட்லெட் ஏறத்தாழ 2 முதல் 5 லட்சம்.

மனிதர் லேப் இயந்திரத்தில் நம்பத் தகுந்தது ஹீமோகுளோபின். அது நிறத்தை வைத்து அளப்பது. நம்பக்கூடாதது பிளேட்லெட் எண்ணிக்கை. நாயின் பிளேட்லெட் ஒட்டிக்கொண்டு கட்டியாகும், பெரிய பிளேட்லெட்டை இயந்திரம் சிவப்பணுவோடு சேர்த்து எண்ணிவிடவும் செய்யும். 40 ஆயிரம் என்று வந்தாலும் ஸ்லைடில் (கண்ணாடித் தகட்டில் பரப்பிய ரத்தச் சொட்டில்) நுண்ணோக்கி வழியே ஒருமுறை கண்ணால் பார்த்த பிறகே பயப்படலாம்.

சிபிசியைவிடச் சிறந்தது அந்த ஸ்லைடுதான். அதைச் சரியாகச் செய்பவர்கள் குறைவு. ரத்தத்தை உறையவிடாத எடிடிஏ குழாயில் (ஊதா மூடி) கோடுவரை ரத்தம் நிரப்பி எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகத் திருப்ப வேண்டும், குலுக்கக்கூடாது. ஸ்லைடை அங்கேயே, நாய் மேசையில் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். குழாயைப் பையில் வைத்துக்கொண்டு சித்திரை வெயிலில் பஸ்ஸில் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்த பிறகு போட்டால் அணுக்கள் உருக்குலைந்து எதுவும் தெரியாது. பபேசியாவைத் தேட இன்னொரு ஸ்லைடு, காது நுனியில் ஊசியால் குத்தி வரும் முதல் சொட்டில்; நுண்குழாய் ரத்தத்தில் கிருமி கூடுதலாகச் சிக்கும். காய்ந்ததும் மெத்தனாலில் தோய்த்துவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் மறுநாள் காலைக்குள் ஈயும் எறும்பும் ரத்தப் படலத்தைத் தின்றுவிட்டு வெறும் கண்ணாடியை மிச்சம் வைக்கும்.

ஒரு ஸ்லைடு என்ன சொல்லும்? பபேசியா அணுவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்: பேரிக்காய் வடிவில் ஜோடியாக இருந்தால் பெரிய வகை, சின்ன மோதிரம் போலிருந்தால் கிப்சோனி என்ற சிறிய வகை. மாட்டுக்கு சர்ரா நோய் வரும் ஊர்களில் அதை உண்டாக்கும் டிரிபனோசோமா கிருமி நாய்க்கும் வரும். அதுவும் இதில் சிக்கும். கண் பால்போல் மங்கியிருந்தால் அதைக் குறிப்பாகத் தேடச் சொல்ல வேண்டும். எர்லிக்கியா மட்டும் ஸ்லைடில் பெரும்பாலும் தெரியாது. தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது.

ரேபிட் கிட் (ரத்தச் சொட்டு விட்டால் கோடு விழும் சோதனை அட்டை) எர்லிக்கியாவை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைக் காட்டும். வசதியான பொருள், விலை கூடுதல். வாங்குமுன் ஒன்று தெரிந்திருக்கட்டும்: நோய் குணமாகிப் பல மாதம் கழித்தும் கோடு விழும். மருந்து முடிந்ததும் ‘நெகட்டிவ் ஆயிடுச்சா’ என்று மறுபடி கிட் போடுவது காசைக் கரைப்பது.

கிராமத்து மருந்தகத்தில் இயந்திரம் எதுவும் இல்லை, சுழற்சிக் கருவி மட்டும் இருக்கிறது என்றால் பிசிவி போதும். மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தம் ஏற்றி 5 நிமிடம் சுழற்றினால் சதவீதம் தெரியும். மேலே தேங்கும் திரவத்தின் நிறத்தையும் கேட்டு வாங்குங்கள். சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருந்தால் அணு உடைகிறது. தெளிவாக இருந்து புரதமும் குறைவாக இருந்தால் ரத்தம் எங்கோ வெளியேறுகிறது. தெளிவு, புரதம் சரி, நாய்க்கு வயது பத்து, தண்ணீர் நிறையக் குடிக்கிறது என்றால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். இந்த அளவு தகவலை இவ்வளவு மலிவாகத் தரும் வேறு சோதனை இல்லை.

உண்ணி மருந்துகள்

இங்கே காசு செலவழிப்பதில் தயங்க வேண்டாம். மெல்லும் மாத்திரைகளில் பிராவெக்டோ ஒரு மாத்திரை 12 வாரம் தாங்கும். நெக்ஸ்கார்ட், சிம்பாரிகா இரண்டும் மாதத்துக்கு ஒன்று. வாய்க்காலில் இறங்கி, குளத்தில் புரண்டு வரும் டெல்டா நாய்க்கு மேலே தடவும் மருந்தைவிட மாத்திரையே தோது, நனைந்தாலும் போகாது. பிராவெக்டோவைச் சோற்றோடு கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் உடம்பில் ஏறுவது குறையும். எடைக்கேற்ற அளவு அட்டையிலேயே இருக்கிறது. 40 கிலோ நாயின் மாத்திரையை வெட்டி இரண்டு நாய்க்குக் கொடுக்கும் சிக்கனம் வேண்டாம், மருந்து இரு பாதியிலும் சமமாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. வலிப்பு வரும் நாய்க்கு இந்த வகை எதையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது.

குறை இல்லாமல் இல்லை. உண்ணி கடித்த பிறகுதான் சாகும். எர்லிக்கியா சில மணி நேரத்திலேயே உடம்பில் ஏறிவிடும், பபேசியாவுக்கு இரண்டு நாள்வரை ஆகும். எனவே மாத்திரை பபேசியாவை நன்றாகவும் எர்லிக்கியாவை ஓரளவுக்கும் தடுக்கும்.

பிடரியில் ஊற்றும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து வீட்டுக்குள் வளரும் நாய்க்குச் சரி. மயிரைப் பிரித்துத் தோலில் படும்படி விட வேண்டும். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக்கூடாது. பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்: குளிப்பாட்டி, ஷாம்பு போட்டு, துவட்டி, உடனே மருந்து.

அமிட்ராஸ் மலிவு. 12.5 சதவீத மருந்தானால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி. உடம்பெல்லாம் நனைத்து, அலசாமல் காயவிட வேண்டும், காயும்வரை நக்கக்கூடாது. நாலு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கும் சினை நாய்க்கும் சர்க்கரை நோயுள்ள நாய்க்கும் ஆகாது. ரத்தசோகை முற்றித் தள்ளாடும் நாயை இதில் முக்குவது ஆபத்து. இதயத்துடிப்பு குறைந்து மயங்கும். வீட்டில் பூனை இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மாட்டுக்கு அடிக்கும் டெல்டாமெத்ரினைக் கொட்டகைச் சுவருக்கு அடிக்கலாம். அதிலும் பூனையை வெளியேற்றிவிட வேண்டும். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தில் மிச்சத்தைத் தண்ணீரில் கலந்து நாய்மேல் ஊற்றுவது மட்டும் எந்த வாதத்துக்கும் இடமில்லாத தப்பு. வாயில் நுரை, நடுக்கம், வலிப்பு என்று ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துபோகும்.

நாய்மேல் இருப்பதைக் கொன்றால் பாதி வேலைதான். பழுப்பு நாயுண்ணி குடித்து முடித்ததும் இறங்கிச் சுவரேறிவிடும். ஆணி அடித்த ஓட்டை, நிலைப்படி இடுக்கு, கீற்றுக் கொட்டகையின் மூங்கில் கணு, சாக்கு மடிப்பு. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், பெரிய உண்ணி பல மாதம் பட்டினி கிடக்கும். இடுக்குகளைச் சிமெண்டால் பூசுவது ஒரு முறைச் செலவு, மருந்தைவிட நீடித்த பலன்.

மருத்துவர் எழுதும் மருந்து

எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின், நாளொன்றுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம், 28 நாள். மலிவான, மனிதர் கடையிலேயே கிடைக்கும், வேலை செய்யும் மருந்து. கெடுப்பது நாமே. மூன்றாம் நாள் நாய் எழுந்து வாலாட்டிச் சோறு தின்றதும் நிறுத்திவிடுவார்கள். சில மாதம் கழித்து எலும்பு மஜ்ஜையைப் பிடித்த நிலையில் அதே நாய் திரும்ப வரும், அப்போது எழுப்புவது கடினம். மாத்திரையைச் சோற்றுக்குப் பிறகு கொடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் பத்து மில்லி தண்ணீர் விட வேண்டும்; தொண்டையில் ஒட்டினால் உணவுக்குழாய் புண்ணாகும். இரும்பு டானிக்கும் டாக்சிசைக்ளினும் ஒரே சீட்டில் வந்தால் இரண்டையும் ஒரே வேளையில் கொடுக்காதீர்கள். இரும்பு டாக்சிசைக்ளினைப் பிடித்துக்கொண்டு குடலோடு போய்விடும். குறைந்தது இரண்டு மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். டானிக்கையே நிறுத்தி வைப்பது இன்னும் நல்லது.

பெரிய வகை பபேசியாவுக்கு இமிடோகார்ப் ஊசி, 14 நாள் இடைவெளியில் இரண்டு. எச்சில் ஒழுகும், வாந்தி வரும். முன்னதாக அட்ரோபின் போட்டால் அடங்கும். டிமினாசின் மாட்டுக்கென்று பல மருந்தகங்களில் இருக்கும், நாய்க்கும் போடுவார்கள். ஆனால் குணமாக்கும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி குறுகல். எடையைக் கண்ணால் மதிப்பிட்டுப் போடக்கூடாது, கூடினால் சில நாள் கழித்து மூளையில் ரத்தம் கசிந்து தள்ளாடும். தராசு இல்லையென்றால் நாயைத் தூக்கிக்கொண்டு நெல் மண்டித் தராசில் நின்று, பிறகு உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கிப்சோனி என்றால் கதையே வேறு. இமிடோகார்ப் அதை வேரறுக்காது. அட்டோவகோன், கிலோவுக்கு 13.3 மில்லிகிராம் நாளுக்கு மூன்று வேளை கொழுப்பான சாப்பாட்டோடு; கூடவே அசித்ரோமைசின் 10 மில்லிகிராம் ஒரு வேளை; பத்து நாள். விலை அதிகம், சின்ன ஊர்க் கடைகளில் இருக்காது. அட்டோவகோனோடு புரோகுவானில் சேர்ந்த மலேரியா மாத்திரையை மாற்றாகக் கொடுத்தால் வாந்தியில் போய்விடும். கட்டுப்படியாகாதவர்களுக்கு கிளிண்டமைசின், மெட்ரோனிடசோல், டாக்சிசைக்ளின் மூன்றும் சேர்ந்த நீண்ட சிகிச்சை இருக்கிறது, மெதுவாகத்தான் பலிக்கும்.

குட்டிகளுக்கு ஸ்லைடு முடிவு வரும்வரை காத்திருக்க நேரமில்லை. கொக்கிப்புழு தாய்ப்பாலிலேயே வந்துவிடும். ஒரு புழு நாளுக்கு 0.1 மில்லிவரை ரத்தம் குடிக்கும்; நூறு புழு என்றால் 10 மில்லி. ஒரு கிலோ குட்டியின் மொத்த ரத்தமே 80, 90 மில்லிதான். மலத்தில் முட்டை தெரியவே இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் குட்டி போய்விடலாம். பைரண்டெல் சிரப்பை 2, 4, 6, 8 வாரங்களில் கொடுப்பதும் அதே நாட்களில் தாய்க்கும் கொடுப்பதும் இந்தப் பட்டியலிலேயே மலிவான, மிகவும் பயனுள்ள செலவு. பெரிய நாய்க்கு ஃபென்பெண்டசோல் கிலோவுக்கு 50 மில்லிகிராம், தொடர்ந்து மூன்று நாள். ஒரே நாளில் ஒரு மாத்திரை போட்டு முடிப்பது போதாது. ஆற்று மணல் கொட்டிய நிழலான ஈரக் கொல்லை கொக்கிப்புழு லார்வாவுக்குச் சொர்க்கம். மலத்தை அன்றன்றே அள்ளுங்கள், குழந்தைகளை அங்கே வெறுங்காலோடு விடாதீர்கள்.

எலிக்கேக் சம்பா வயலுக்குப் பக்கத்து வீடுகளின் பிரச்சினை. புரோமாடியோலோன் 0.005 சதவீதக் கேக்கைத் தின்ற நாய் மூன்று நாள்வரை ஒன்றும் காட்டாது. பிறகு ஈறு வெளுப்பு, இருமல், காலில் வீக்கம், ஊசி போட்ட இடத்தில் நிற்காத ரத்தம். மருந்து வைட்டமின் கே1, கே3 அல்ல. கே3 இதில் உதவாது. கடையில் ‘வைட்டமின் கே’ என்று மட்டும் கேட்டால் எது வேண்டுமானாலும் வரும். கிலோவுக்கு 2.5 முதல் 5 மில்லிகிராம் நாள்தோறும், கொழுப்புள்ள உணவோடு, ஏறத்தாழ நாலு வாரம். கேக்கின் உறையைக் கையோடு கொண்டுபோனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

வெங்காயத்தையும் சொல்லியாக வேண்டும். சாம்பார் சோறு, பிரியாணி மிச்சம் தினமும் விழும் நாய்க்குச் சின்ன வெங்காயமும் பூண்டும் சேர்ந்து சிவப்பணுவை உடைக்கும். வெந்தாலும் விஷம் போகாது.

இனி டானிக்

புழு ஒழிந்து, உண்ணி ஒழிந்து, ரத்தம் வெளியேறித்தான் குறைந்தது என்று உறுதியானால் டானிக் வாங்கலாம். லேபிளில் இரும்பு உப்பின் எடை பெரிதாக இருக்கும், அதை நம்ப வேண்டாம். ஃபெர்ரஸ் ஃபியூமரேட்டில் மூன்றில் ஒரு பங்குதான் இரும்பு; ஃபெர்ரிக் அமோனியம் சிட்ரேட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மனிதருக்கான சர்க்கரையில்லா சிரப்பில் சைலிட்டால் இருக்கிறதா என்று பாருங்கள், நாய்க்கு அது விஷம். டானிக் கொடுத்தால் மலம் கறுப்பாகும், குடலில் ரத்தம் கசிந்தாலும் கறுப்புத்தான். எனவே டானிக் தொடங்குமுன் மலத்தைப் பார்த்து வைப்பது நல்லது. அளவைக் கூட்டிக் கொடுத்தால் சீக்கிரம் ஏறாது, வாந்தியும் குடல் புண்ணும்தான் வரும். ஈரல் நல்ல உணவு, பத்துக் கிலோ நாய்க்கு நாளுக்கு 25 கிராம் போதும். பேரீச்சம்பழத்தையும் பீட்ரூட்டையும் நாய் தின்றால் தின்னட்டும், அதை மருந்து என்று கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ரத்தம் ஏற்றுவது

பிசிவி 15க்குக் கீழே போய் நாய் மூச்சுத் திணறினால் எந்த மாத்திரையும் நேரத்துக்கு உதவாது. தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைச் சாலையில் இருக்கும் ஒரத்தநாட்டில் 2012இல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல துறை மருத்துவர்கள் அங்கே ஒரே இடத்தில் இருப்பார்கள். ஊர் மருந்தகத்தின் உதவி மருத்துவர் மூலம் முன்னதாகப் பேசிவிட்டுக் கிளம்புங்கள். ரத்தம் கொடுக்கும் நாயை நீங்களே அழைத்துப்போக வேண்டியிருக்கலாம். அது 25 கிலோவுக்கு மேல், ஒன்று முதல் எட்டு வயது, தடுப்பூசி போட்டது, உண்ணிக் காய்ச்சல் சோதனையில் தேறியது, ஏற்கெனவே தான் ரத்தம் ஏற்றிக்கொள்ளாதது. ஏற்றுவது கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி. கிலோவுக்கு 2 மில்லி முழு ரத்தம் பிசிவியை ஒரு சதவீதம் உயர்த்தும். முதல் அரைமணி நேரம் மிக மெதுவாக, மொத்தமும் 4 மணி நேரத்துக்குள். முதல் தடவை பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். சில நாள் கழித்து இரண்டாவது முறை என்றால் பொருத்தம் பார்க்காமல் ஏற்ற விடாதீர்கள்.

கூட்டிப்போகும்போது நாயை நடக்க விடாமல் தூக்கி வண்டியில் வையுங்கள். வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். வாயை இறுகக் கட்டாதீர்கள், மூச்சு வாங்க அதற்கு அந்த வாயும் வேண்டும். பழைய சீட்டுகள், கொடுத்த மருந்தின் அட்டைகள், அன்று காலை மலம் கொஞ்சம் ஒரு டப்பாவில்.